58-ஆவது பாட்டு

கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பெட்டி. முன்பக்கம் ஒற்றை ஸ்பீக்கர், அதன் கீழே சிவப்பு எண்கள் ஒளிரும் சின்ன டிஸ்ப்ளே, பக்கவாட்டில் பென்டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் தனித்தனி வாய், இழுத்தால் நீளும் ஏரியல். 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் டீக்கடையிலும் சலூனிலும் கட்டட வேலை நடக்கிற இடத்திலும் இது பாடாத ஊர் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. மேலே ஏதோ ஒரு கம்பெனி பெயர் அச்சிட்டிருக்கும். அடுத்த மாதம் அதே பெட்டி வேறு பெயரில் வரும். மலிவாக வாங்கி, ஓடுகிற வரை ஓட்டி, நின்றால் தூக்கிப்போடுகிற சாமான் என்றுதான் அதைச் செய்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரகடத்தில் யாரும் தூக்கிப்போடவில்லை, ரிப்பேருக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்த பெட்டிகளில்தான் நான் தொழில் கற்றேன்.

டிப்ளமோ முடித்துவிட்டு 2011-ல் சிவகங்கைப் பக்கமிருந்து வந்தேன். காருக்கு வயர் ஹார்னஸ் கட்டுகிற ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை, மாத்தூரில் ஐந்து பேருக்கு ஓர் அறை. ஒரகடம் அப்போது முளைத்துக்கொண்டிருந்தது. ரெனோ-நிஸான் ஆலை 2010 மார்ச்சில் திறந்திருந்தது. டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை 2012 ஏப்ரலில் வந்தது, ராயல் என்ஃபீல்டு அதற்கடுத்த வருஷம். சிங்கப்பெருமாள் கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்கிற சந்திப்பில், ஷிப்ட் மாறும் நேரம் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். இறங்குகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் இருபதைச் சுற்றித்தான் வயசு. சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் சாப்பாடு, வாடகை, பாட்டு.

பாட்டு என்று தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல கம்பெனிகளில் கேமரா வைத்த போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் விலை குறைந்த பட்டன் போன் ஒன்று பேசுவதற்கு, இந்தப் பெட்டி ஒன்று பாட்டுக்கு என்று பலரும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே மின்சாரம் மணிக்கணக்கில் போய்க்கொண்டிருந்தபோது டிவி ஊமையாகிவிட, அறைக்கு அறை பாடியது இதுதான். கரண்ட் போகப்போக அண்ணன் கடையில் வியாபாரம் ஏறியது.

அண்ணன் என்று நான் சொல்வது சந்திப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ரீசார்ஜ் போடுகிற, பாட்டு ஏற்றுகிற, செல்போன் சர்வீஸ் செய்கிற ஒரு பத்தடிக் கடையின் உரிமையாளரை. படப்பை பக்கத்துக்காரர். பேச்சில் 'இன்னா'வும் 'குந்து'வும் சரளமாக வரும். ஷிப்ட் முடிந்து அறைக்குப் போகப் பிடிக்காமல் அந்தக் கடை பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். ஒரு நாள், சும்மா குந்தினு இருக்கறதுக்கு இதப் புடி என்று சால்டரிங் அயர்னைக் கையில் கொடுத்தார்.

கடையில் இரண்டு வேலை இணையாக நடக்கும். ஒரு பக்கம் பழைய கம்ப்யூட்டரில் பாட்டு ஏற்றுவது. ஃபோல்டர்களின் பெயர்கள் இப்போதும் ஞாபகத்தில் நிற்கின்றன: பழசு, ராஜா, ரஹ்மான், குத்து, சாமி, சோகம், அப்புறம் பீகார், ஒடிசா. போஜ்புரிப் பாட்டு கேட்டு வருகிற பையன்களுக்கு அண்ணன் தமிழிலேயே பதில் சொல்வார், அவர்கள் இந்தியிலேயே பேரம் பேசுவார்கள், வேலை முடிந்துவிடும். அந்தப் பாட்டுகளுக்கு உரிமை யாருடையது என்ற கேள்வியை அந்தக் கடையில் எவரும் கேட்டதில்லை. இன்னொரு பக்கம் ரிப்பேர். எனக்கு வாய்த்தது அது.

அண்ணன் விதித்த முதல் சட்டம், ஸ்குரூடிரைவரைத் தொடாதே என்பது. "தொறக்கறதுக்கு முன்னாடி கேளு தம்பி. இன்னா பண்ணுது, எப்ப பண்ணுது, அதக் கேளு." கஸ்டமர் சொல்வதில் பாதி விடை இருக்கும் என்பார். சத்தம் குறைவாக வைத்தால் பாடுகிறது, கூட்டினால் அணைந்து திரும்ப உயிர் வருகிறது என்று ஒருவர் சொன்னால், பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பேட்டரி கிழம். மீட்டர் வைத்துப் பார்த்தால் 3.8 வோல்ட் காட்டும், நல்ல பேட்டரி மாதிரித்தான் தெரியும். ஸ்பீக்கர் அதிரும்படி சத்தம் வைத்துக்கொண்டே அளந்தால் குட்டு வெளிப்படும். தவில் அடி விழுகிற இடத்தில் ஆம்பிளிஃபயர் ஒரேயடியாகக் கரண்ட் இழுக்க, வயசான பேட்டரியின் உள்தடை கொடுக்க விடாது. வோல்டேஜ் மூன்றுக்குக் கீழே சரியும், சிப் மயங்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கும். மெலடி கேட்கிறவர்களுக்கு அதே பேட்டரி இன்னும் ஆறு மாதம் வரும். குத்துப்பாட்டு ரசிகர்கள்தான் முதலில் கடைக்கு வருவார்கள்.

உப்பிய பேட்டரிக்கு மீட்டரும் வேண்டாம். கடைக் கண்ணாடி மேஜையில் படுக்கவைத்து விரலால் ஒரு சுழற்று. தட்டையாக இருந்தால் உரசி நின்றுவிடும். நடுவில் கொஞ்சம் புடைத்திருந்தாலும் கிறுகிறுவென்று சுற்றும். சுற்றினால் குப்பைக்கு. கஸ்டமர் கண் முன்னாலேயே இதைச் செய்துகாட்டினால் புது பேட்டரிக்கு மறுபேச்சு இல்லாமல் காசு வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பேட்டரி ஒரு விசேஷமான பேட்டரி. பிஎல்-5சி. நோக்கியா தன் போன்களுக்காகச் செய்தது. 2003-ல் வந்து உலகமெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100-க்குள் இருந்ததும் இதுதான். போன் அவ்வளவு பரவியதால் பேட்டரியும் பெட்டிக்கடை வரை பரவியது. எங்கேயும் கிடைக்கிற, மலிவான பேட்டரி ஒன்று வேண்டும் என்று தேடிய சீனத்துப் பெட்டிக்காரர்கள் இதற்கே இடம் வெட்டினார்கள். பேட்டரியின் விளிம்பில் மூன்று தங்கநிறப் பட்டைகள் இருக்கும். ஓரத்தில் இருப்பவை பிளஸ், மைனஸ். நடுவில் இருப்பது, எந்த வகைப் பேட்டரி போட்டிருக்கிறது என்று போன் தெரிந்துகொள்வதற்கு. உள்ளே அதற்கென்று ஒரு ரெசிஸ்டர் உண்டு. பாட்டுப்பெட்டிக்கு அந்த விசாரணையெல்லாம் கிடையாது. இரண்டு பின்தான், நடுப்பட்டையைச் சீண்டுவதே இல்லை.

இந்த நடுப்பட்டை விஷயத்தை எனக்குச் சொன்னவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த ஓர் அக்கா. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் டெஸ்டிங்கில் இருந்தார். அந்த ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. அக்கா சேர்ந்த புதிதில், 2007 ஆகஸ்டில், பிஎல்-5சி உலகத்துக்கே தலைப்புச் செய்தியானது. மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளில் சில சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்து, மாற்றித் தருவதாகச் சொன்னது. அவர் ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாரும் போனைக் கழற்றி, பேட்டரி முதுகிலிருந்த எண்ணை அக்காவிடம் வாசித்துக் காட்டி, இது வெடிக்குமா என்று கேட்டார்களாம். "நான் என்னமோ அதை என் கையால செஞ்ச மாதிரி கேட்டாங்க" என்பார். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை நின்றது. அதற்கு முன்பே விருப்ப ஓய்வில் கணக்கு முடித்துக்கொண்டவர்களில் அக்காவும் ஒருவர். பல வருஷம் சும்மா கிடந்த அந்த வளாகத்தை, பிறகு, சார்ஜர் செய்கிற சால்காம்ப் வாங்கியது. போன் போன பின்னாலும் பேட்டரி மட்டும், அச்சு அசலாகவும் அப்பட்டமான போலியாகவும், அண்ணன் கடை ஆணியில் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வருவோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும்.

மற்ற கோளாறுகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஸ்பீக்கர் பாடவில்லை, இயர்போன் பாடுகிறது என்றால் ஜாக். இயர்போனைச் சொருகும்போது உள்ளே ஒரு மெல்லிய தகடு தள்ளப்பட்டு ஸ்பீக்கருக்குப் போகிற வழி துண்டாகும். உருவிய பிறகு அந்தத் தகடு பழைய இடத்துக்குத் திரும்பாமல் மாட்டிக்கொண்டால், பெட்டி தன் காதில் இன்னும் இயர்போன் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஊக்கு முனையால் நெம்பிவிட்டு, ஒரு சொட்டு தின்னர் விட்டால் சரி. கார்டு எடுக்கவில்லை என்றால் பென்சில் ரப்பரால் அதன் பின்களைத் தேய். சார்ஜ் ஏறவில்லை என்றால் சார்ஜிங் பின்னின் காலில் டிரை சால்டர். கண்ணுக்குத் தெரியாத விரிசல், கொஞ்சம் ஈயம் வைத்தால் போதும். சார்ஜ் போட்டுக்கொண்டே எஃப்எம் கேட்டால் சூரியனும் மிர்ச்சியும் ஒரே இரைச்சல் என்று வருகிறவர்களிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, சார்ஜரை மாற்றச் சொல்வோம். ஐம்பது ரூபாய் சார்ஜர் கக்குகிற சத்தம் அது.

இந்த வரிசையில் எதிலும் அடங்காத பெட்டி ஒன்று வந்தது. ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலை பார்த்த பெரியவருடையது. திருவண்ணாமலைப் பக்கம், அறுபது வயசு தாண்டியவர், ராத்திரி டியூட்டி மட்டும். "தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னுபோவுது. தெனமும்." வேறு ஒரு கடையில் காட்டியிருக்கிறார், புது பேட்டரி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கும் இரண்டு மணிக்கு நின்றது.

பேட்டரியைச் சுழற்றினோம், சுற்றவில்லை. சத்தம் கூட்டி அளந்தோம், சரியவில்லை. பெட்டியைத் தட்டினோம், ஆட்டினோம், குளிர் காரணமாக இருக்குமோ என்று பக்கத்து ஜூஸ் கடை ஃபிரிட்ஜில்கூட வைத்து எடுத்தோம். பாடிக்கொண்டேயிருந்தது. கடை மூடும் வரைக்கும் பாடிவிட்டு சமர்த்தாக அணைந்தது. பெரியவர் வந்து எடுத்துப் போனார், மறுநாள் காலையில் டியூட்டி முடிந்த கையோடு திரும்பக் கொண்டுவந்தார். ரெண்டு மணி.

கம்பெனியில் எங்களுக்கு 'ஒய்-ஒய்' என்று ஒரு பயிற்சி உண்டு. டொயோட்டாவிலிருந்து உலகத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் பரவிய முறை: ஒரு கோளாறுக்கு ஐந்து முறை ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் வேர் கிடைக்கும். முறை அருமையானது. நடைமுறையில் நான் நின்ற டெஸ்ட் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால், ஹார்னஸில் சிவப்பு டேக் கட்டி, சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கிற வேலை வேறொருவருடையது, அவர் ஆடிட்டுக்கு முந்தைய வாரம் படிவத்தின் ஐந்து கட்டங்களையும் நிரப்புவார். அந்த லைனில் என் கையால் பிடித்த கோளாறுகளில் ஒன்றின் காரணம்கூட எனக்குத் தெரியாது. வேகம் அப்படி; யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒய்-ஒய் எப்படி நடக்கும் என்பதை நான் பார்த்தது அண்ணன் கடை பெஞ்சில்தான்.

அண்ணன் பெரியவரை உட்காரவைத்து டீ சொன்னார்.

"நிக்குதுன்றியே பெரியவரே, லைட்டு அணைஞ்சி பூடுதா?"

"இல்ல, நம்பரு அப்படியே எரியும். பாட்டுதான் வராது."

"எத்தினி மணிக்குப் போடுவ?"

"பத்து மணிக்கு. முறுக்கிவிட்டு ஆன் பண்ணுவன், மொதல்லேருந்து பாடும்."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிக்கும்போது இன்னா நம்பர் எரியுது?" என்று கேட்டார்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள், அதன் வெற்றுப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் நெருக்கி எழுதிய எண்கள். எண்ணுக்குப் பக்கத்தில் படத்தின் பெயர், சிலவற்றில் பாடியவர் பெயர். டிஸ்ப்ளேவில் பாட்டின் பெயர் வராதல்லவா, கேட்டுக் கேட்டு அவரே ஒரு பட்டியல் தயாரித்திருந்தார். 57 வரைக்கும் ஒழுங்காகப் போனது. 58-க்கு நேரே ஒன்றுமில்லை. "இதுதான் எனக்கு வந்ததே கெடையாது" என்றார்.

அண்ணன் பட்டனைத் தட்டித் தட்டி நேரே 58-க்குப் போனார். பெட்டி அங்கேயே உறைந்து நின்றது. பகல் பன்னிரண்டு மணி.

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். 58-ஆவதாக இருந்தது பாதி இறங்கி நின்றுபோன ஒரு ஃபைல். பெயர் எம்பித்ரீ என்று முடிந்தது, உள்ளே பாட்டு இல்லை. கம்ப்யூட்டரோ விலை கூடின பிளேயரோ அப்படி ஒன்றைக் கண்டால் தாண்டிப் போய்விடும். இந்தப் பெட்டியின் சிப்புக்குத் தாண்டத் தெரியாது, குப்பையில் பாட்டைத் தேடிக்கொண்டே நின்றுவிடும். ஒரு பாட்டுக்கு நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்குப் போட்டால், பத்து மணிக்குத் தொடங்கி ஐம்பத்தேழு பாட்டு முடிகிறபோது இரண்டு மணி அடிக்கும். கடையில் நாங்கள் நோண்டி நோண்டி ஒவ்வொரு முறையும் முதல் பாட்டிலிருந்தே ஆரம்பித்ததால், எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் அது அந்த இடத்துக்கு வந்துசேரவில்லை.

அந்த ஃபைலை அழித்தால் தீர்ந்தது என்று மவுஸை நகர்த்தினேன். பெரியவர் தடுத்தார். அழித்தால் 59 போய் 58 ஆகுமா? ஆகும். 60 போய் 59? ஆமாம். அப்படியென்றால் தாளின் பின்பாதி முழுக்க வீண். தாள் 140 சொச்சம் வரை போயிருந்தது; 58-ஐத் தாண்டி அடுத்ததைத் தட்டிவிட்டு, பொழுது விடியும் வரை கேட்டுக் கேட்டு எழுதியது.

"அழிச்ச எடத்துலயே இன்னொண்ணப் போயி குந்த வெச்சிடலாம்" என்றார் அண்ணன். இந்த வகைப் பெட்டிக்கு அகரவரிசை தெரியாது. கார்டில் ஃபைல்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் எது முன்னால் எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே முன்னால் பாடும். ஓர் ஃபைலை அழித்தால் பட்டியலில் அந்த வரி காலியாகும். அடுத்து ஏற்றுகிற ஃபைலின் பெயர் அந்தக் காலி இடத்துக்குள் அடங்குமானால், அது கடைசிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்காகப் பாட்டு ஏற்றி ஏற்றி, 'ஏன் மாத்தி மாத்தி வருது' என்று கஸ்டமர்களிடம் திட்டு வாங்கி வாங்கி அண்ணன் கண்டுபிடித்த ரகசியம் இது. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பின்னாளில் நான் ஃபேட்-32 பற்றிப் படித்தபோது அவர் சொன்னது அப்படியே அங்கே இருந்தது.

"58-க்கு இன்னா பாட்டு போடட்டும்?"

பெரியவருக்கு இந்தக் கேள்வி எதிர்பாராதது. இத்தனை நாள் யாரோ ஏற்றிக் கொடுத்ததைக் கேட்டவர். கொஞ்சம் யோசித்து, டி.எம்.எஸ். பாடினது ஏதாச்சும் போடு, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம இருக்கணும், நல்லா சத்தமா பாடினது என்றார். அண்ணன் 'பழசு' ஃபோல்டரைத் திறந்து, ஒன்றைத் தேர்ந்து, செத்துப்போன ஃபைலின் பெயரையே எழுத்துக்கு எழுத்து அதற்கு வைத்து ஏற்றினார். கார்டைப் பெட்டியில் போட்டு 58-க்குப் போனால், பாடியது. 59-ஐத் தட்டினார். பெரியவர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணன் இருபது ரூபாய் வாங்கினார். டீக்காசு தனியாக அவருடையது.

கடைக்கு ஒரே ஒரு முறை ஐபாட் வந்திருக்கிறது. ஏதோ கம்பெனியின் இன்ஜினியர், சட்டைப் பையில் அடையாள அட்டையோடு வந்தார். சார்ஜ் நிற்கவில்லை என்றார். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்குரூ எங்கேயும் இல்லை. வழவழவென்று ஒரே தகடு. ஸ்பேனர் போட எடமே வெக்காதவன் சாமான நான் எப்படித் தொடறது என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 2001-ல் வந்த ஐபாடை ஆப்பிள் 2022 மே மாதம் நிறுத்தியது. அதற்குள் அதே ஆப்பிளின் போன்கள் சுங்குவார்சத்திரம் பக்கம் லட்சக்கணக்கில் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் கடையில் இன்றைக்கும் அவற்றுக்குக் கண்ணாடி ஒட்டுவதோடு சரி.

பாட்டு ஏற்றுகிற தொழிலை முடித்துவைத்தது ஜியோ. 2016 செப்டம்பரில் இலவச இன்டர்நெட் வந்ததும், ஃபோல்டர் கேட்டு வருகிறவர்கள் சில மாதங்களில் இல்லாமல் போனார்கள். கம்ப்யூட்டரை அண்ணன் ஜெராக்ஸ், ஆதார் பிரின்ட் அவுட் வேலைக்குத் திருப்பினார். நான் ஹார்னஸ் கம்பெனியை விட்டு, வேறொரு ஆலையில் டெஸ்ட் கருவிகளைச் சரிபார்க்கிற பராமரிப்பு வேலைக்கு மாறினேன். நேர்முகத் தேர்வில், இடைவிட்டு வரும் கோளாறு ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார்கள். வாட்ச்மேன் கதையைச் சொன்னேன். ஃபிரிட்ஜில் வைத்ததைச் சொன்னபோது சிரித்தார்கள், வேலை கொடுத்தார்கள்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அண்ணன் நெக்பேண்டு ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். கழுத்தை ஒட்டி மடிகிற இடத்தில் வயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. இப்போது வருவதில் பாதி அந்தக் கேஸ்தான். அரை அங்குலம் வெட்டி, உறையைச் சீவி, பத்தவைத்து, மேலே ஸ்லீவ் போட்டுக் கொடுப்பார், நூறு ரூபாய். காதுக்குள் வைக்கிற இயர்பட்ஸை மட்டும் வாங்குவதில்லை. ஒட்டிய சாமானைத் திறந்தால் அப்புறம் மூடித்தர முடியாது, வீண் சண்டை. அதன் சார்ஜிங் கேஸை வாங்குவார். ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்று வருகிறதில் பெரும்பாலும் பின்னில் அழுக்கு, காதிலிருந்து வந்ததுதான். தின்னரில் தோய்த்த பட்ஸால் துடைக்க இருபது ரூபாய்.